கேட்கக் கூடாத கேள்விகள்: பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நீதிமன்றம் எப்படி மாறிவந்திருக்கிறது

பாலியல் வன்கொடுமை வழக்கு ஒன்றின் தீர்ப்பை எடுத்துப் படித்தால், பாதிக்கப்பட்ட பெண்ணைப் பெரும்பாலும் ‘அ.சா.1’ என்று குறித்திருப்பார்கள். அரசுத் தரப்பு முதல் சாட்சி என்பதன் சுருக்கம் அது. இந்த வழக்குகளைப் பற்றி முதன்முறையாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அந்தச் சுருக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. குற்றவியல் வழக்கை நடத்துவது அரசு. குற்றம் சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றப் பேச்சில் ‘எதிரி’ என்பார்கள். அவருக்கு ஒரு வழக்கறிஞர் உண்டு. அரசுக்கு அரசு வழக்கறிஞர் உண்டு. நடந்த கொடுமையை உடம்பில் தாங்கிய பெண், அரசு அழைத்துவரும் பல சாட்சிகளில் ஒருவராக வந்து, கூண்டில் ஏறி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு இறங்க வேண்டும்.

அவர் சொந்தமாக ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வழக்கறிஞர் நேரடியாகச் சாட்சிகளை விசாரிக்கவோ வாய்மொழி வாதம் வைக்கவோ முடியாது. அரசு வழக்கறிஞருக்கு உதவலாம், எழுத்துப்பூர்வமாக வாதங்களைத் தரலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எதிரி விடுதலையானால் மேல்முறையீடு செய்யும் உரிமைகூட 2009 இறுதியில்தான் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது. அதுவரை அரசு மேல்முறையீடு செய்தால் உண்டு. இல்லையென்றால் எளிய வழி எதுவும் அவருக்கு இல்லை.

இப்படிச் சாட்சியாக நிற்பவரை நம்புவதா வேண்டாமா என்பதுதான் இந்த வழக்குகளில் பெரும்பாலும் முழுக் கேள்வியுமே. திருட்டு வழக்கில் பொருள் கைப்பற்றப்படும். கொலை வழக்கில் உடல் இருக்கும். பாலியல் வன்கொடுமை பெரும்பாலும் மூடிய கதவுக்குப் பின்னால் இருவருக்கு மட்டும் தெரிந்து நடப்பது. நாட்கள் கடந்து புகார் தந்தால் உடலில் தடயமும் இருக்காது. அப்போது நீதிமன்றத்துக்கு மிஞ்சுவது அவருடைய சொல். அந்தச் சொல்லை எதை வைத்து எடைபோடுவது, எந்தெந்தக் கேள்விகளைக் கேட்டு உரசிப் பார்ப்பது? இந்தியாவில் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் சீர்திருத்தத்தை, ஒவ்வொரு கேள்வியாக நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றும் வேலை என்றே நான் புரிந்துகொள்கிறேன். சில கேள்விகள் போய்விட்டன. சில, வாசல் வழியாக அனுப்பப்பட்டு ஜன்னல் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன.

நடத்தை பற்றிய கேள்வி

1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 155ஆம் பிரிவு ஒரு சாட்சியின் நம்பகத்தன்மையை எப்படித் தகர்க்கலாம் என்று சொன்னது. லஞ்சம் வாங்கினார் என்று காட்டலாம், முன்பு வேறு மாதிரிப் பேசினார் என்று காட்டலாம். நான்காவதாக ஒரு வழி இருந்தது: வல்லுறவு வழக்கு என்றால், புகார் தந்த பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவர் என்று காட்டலாம். வேறு எந்தக் குற்றத்துக்கும் இந்த உட்பிரிவு கிடையாது. வீட்டில் கொள்ளை போன ஒருவர் ஒழுக்கமானவரா என்று சட்டம் கேட்கவில்லை. இந்த ஓர் உட்பிரிவு சாட்சியச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது 2002 டிசம்பர் 31 முதல். கிட்டத்தட்ட 130 ஆண்டுகள் அது உயிரோடு இருந்தது. எத்தனை பெண்கள் அந்த 130 ஆண்டுகளில் கூண்டில் நின்று தங்கள் வாழ்க்கை முழுவதையும் அந்நியர்கள் கிளறுவதைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

அந்த உட்பிரிவு என்ன செய்யும் என்பதற்கு எல்லாச் சட்டக் கல்லூரிகளிலும் கற்பிக்கப்படும் ஒரு வழக்கு இருக்கிறது. சட்டப் புத்தகங்கள் அதை அந்தப் பெண்ணின் பெயராலேயே குறிக்கின்றன. காவலர்களின் பெயர்கள் பலருக்கு நினைவில்லை. அவருடைய பெயர் நிலைத்துவிட்டது. நான் இங்கே அதை ஊர்ப் பெயரால் தேசாய்கஞ்ச் வழக்கு என்று குறிப்பிடுகிறேன்.

1972 மார்ச் 26ஆம் தேதி இரவு. மகாராஷ்டிரத்தின் அன்றைய சந்திரபூர் மாவட்டத்தில் உள்ள தேசாய்கஞ்ச் காவல் நிலையம். குடும்பத் தகராறு ஒன்றுக்காக வரவழைக்கப்பட்ட ஆதிவாசிப் பெண் ஒருவர், பதினான்கிலிருந்து பதினாறு வயதுக்குள் இருக்கும், உறவினர்களோடு வந்திருந்தார். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவரை மட்டும் இருக்கச் சொன்னார்கள். நிலையத்துக்குள்ளேயே காவலர் ஒருவர் தன்னை வல்லுறவு செய்தார், இன்னொருவர் அத்துமீறினார் என்பது அவருடைய புகார். அமர்வு நீதிமன்றம், அந்தப் பெண் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர், ஆகவே சம்மதித்திருப்பார் என்று காவலர்களை விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை அதைத் தலைகீழாக்கியது: பயந்து அடங்கிப்போவது வேறு, சம்மதம் வேறு என்றது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் காவலர்களை விடுவித்தது. உடலில் காயம் இல்லை, போராடியதற்கு அடையாளம் இல்லை, கூச்சல் போடவில்லை. எனவே சம்மதம் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் தர்க்கம்.

பூட்டிய காவல் நிலையத்தில், இரவில், சீருடை அணிந்தவர்கள் முன்னால், ஓர் ஏழைச் சிறுமி கூச்சலிட்டிருந்தால் யார் வந்திருப்பார்கள்? உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979 செப்டம்பரில் இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் ஏறத்தாழ இதைத்தான் கேட்டது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பைச் சட்ட ஆசிரியர்கள் வெளிப்படையாகக் கண்டித்து எழுதுவது அன்று வழக்கத்தில் இல்லாத ஒன்று. கடிதம் பரவியது, பல நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள்.

அதன் விளைவு 1983ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம். காவலர், சிறை அலுவலர், மருத்துவமனை நிர்வாகி போன்றவர்கள் தங்கள் பொறுப்பிலுள்ள பெண்ணிடம் உறவு கொண்டது நிரூபிக்கப்பட்டு, அவர் சம்மதம் இல்லை என்று சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று சாட்சியச் சட்டத்தில் 114அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சம்மதம் இருந்தது என்று காட்டும் சுமை எதிரியின் தோளுக்கு மாறியது. வல்லுறவு வழக்குகளை மூடிய அறையில் விசாரிப்பதும், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதைக் குற்றமாக்கியதும் அதே திருத்தத்தில்தான். ஆனால் நடத்தையைக் கிளறும் 155ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு மட்டும் அப்படியே விடப்பட்டது. பெண்ணின் நடத்தை பற்றிய கேள்விகளைக் கட்டுப்படுத்தச் சொல்லிச் சட்ட ஆணையம் 1980இலேயே பரிந்துரைத்திருந்தது. இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது ஏன் என்பதற்கு எனக்கு நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை.

பஞ்சாபில் 1984இல் தேர்வு எழுதிவிட்டு வந்த பள்ளி மாணவி ஒருவரைக் கடத்திய வழக்கில், விசாரணை நீதிபதி அந்தச் சிறுமியை ஒழுக்கம் தளர்ந்தவர் என்று தீர்ப்பிலேயே எழுதிவைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து குற்றவாளிகளைத் தண்டித்தது. பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலம் நம்பத்தகுந்ததாக இருந்தால் வேறு ஆதாரம் தேடத் தேவையில்லை. அவரைக் குற்றத்துக்கு உடந்தையானவரைப் போலச் சந்தேகத்தோடு பார்ப்பது தவறு. குறுக்கு விசாரணை, அதாவது எதிரியின் வழக்கறிஞர் சாட்சியைக் கேள்வி கேட்பது, அவரைத் துன்புறுத்தும் கருவியாக மாறும்போது நீதிபதி வாய்மூடி உட்கார்ந்திருக்கக் கூடாது என்றது. ‘பஞ்சாப் எதிர் குர்மித் சிங்’ என்ற இந்தத் தீர்ப்பை இன்றும் கீழமை நீதிமன்றங்கள் மேற்கோள் காட்டுகின்றன.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அசிங்கமான, அவமதிக்கும் கேள்விகளைத் தடுக்கும் அதிகாரம் அதே 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நீதிபதிக்கு இருந்தது. சட்டத்தைத் திருத்தினால் மட்டும் போதாது என்று நான் நினைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

சம்மதம் என்றால் என்ன

2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் பேருந்துக்குள் நடந்த கொடுமையை நினைவூட்டத் தேவையில்லை. ஒரு வாரத்தில் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் ஆகியோரைக் கொண்ட குழு அமைக்கப்பட்டது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட யோசனைகள் வந்து குவிந்தன. 2013 ஜனவரி 23 அன்று, ஒரு மாதத்துக்குள், அறிக்கையைத் தந்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த 2013 திருத்தத்தில்தான் சம்மதம் என்ற சொல்லுக்கு முதன்முறையாகத் தெளிவான விளக்கம் எழுதப்பட்டது. சொல்லாலோ சைகையாலோ வேறு விதத்திலோ, அந்தக் குறிப்பிட்ட செயலுக்கு விருப்பத்தோடு, ஐயத்துக்கு இடமில்லாமல் உடன்படுவதே சம்மதம். உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் இருந்தது என்று கொள்ளக் கூடாது. தேசாய்கஞ்ச் சிறுமிக்கு மறுக்கப்பட்ட வாக்கியம் இது. நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அது இருக்கிறது.

அதே 2013 திருத்தம், சம்மதம் இருந்ததா என்பதை முடிவு செய்யப் பெண்ணின் கடந்தகாலப் பாலியல் அனுபவம் பொருத்தமற்றது என்றும் சொல்லிவிட்டது. யாரோடு முன்பு பழகினார் என்பதிலிருந்து அன்றிரவு சம்மதித்தாரா என்பதற்குப் பாலம் கட்ட முடியாது.

சட்டம் கதவை மூடியது. பழைய கேள்வி எங்கே திரும்பி வந்தது என்று பாருங்கள். 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு மேல்முறையீட்டில், படித்த, ஏற்கெனவே அறிமுகமான இருவருக்கிடையே மெல்லிய குரலில் சொல்லப்படும் மறுப்பு மறுப்பாகவே புரிந்துகொள்ளப்படும் என்று சொல்ல முடியாது என்ற பொருளில் எழுதி எதிரியை விடுவித்தது. 2020 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவு ஒன்று, சம்பவத்துக்குப் பிறகு களைத்துத் தூங்கிவிட்டேன் என்று அந்தப் பெண் சொன்னது இந்தியப் பெண்ணுக்கு அழகல்ல என்றது. கடும் எதிர்ப்புக்குப் பின் அந்த வரி நீக்கப்பட்டது. குறுக்கு விசாரணையில் கேட்கத் தடை செய்யப்பட்ட கேள்வி, ஜாமீன் உத்தரவில் நீதிபதியின் சொந்த வார்த்தையாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் இதைவிடக் கொடுமை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அத்துமீறியவருக்கு, அவர் வீட்டுக்கே போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 2020 ஜூலையில் உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. ஜாமீன் நிபந்தனையாகச் சந்திப்பு, மன்னிப்பு, திருமணம், சமரசம் போன்ற எதையும் நீதிபதிகள் யோசனையாகக்கூடச் சொல்லக் கூடாது. பெண் என்றால் இப்படித்தான் நடந்துகொள்வாள் என்ற முன்முடிவுகள் உத்தரவுகளில் இடம்பெறக் கூடாது. நீதிபதிகளுக்கு இதில் பயிற்சி தரப்பட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நம் ஊரிலும் இப்படி ஒன்று நடந்தது. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், சிறுமியாக இருந்தபோது வல்லுறவுக்கு ஆளாகித் தாயான பெண்ணோடு பேசிச் சமரசம் காண்பதற்காகத் தண்டனை பெற்றவருக்கு இடைக்கால ஜாமீன் தந்தார். சில நாட்களில், வேறொரு வழக்கில், வல்லுறவில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சமரசம் பேச வேண்டுமா என்று அந்தப் பெண்ணை யாராவது முதலிலேயே கேட்டார்களா என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரே கதையை எத்தனை முறை சொல்வது

சட்டம் தெரியாதவர்களுக்கு வியப்பாக இருக்கும் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பல வழக்குகள் விழுவது இங்கேதான்.

பாதிக்கப்பட்டவர் முதலில் காவல் நிலையத்தில் சொல்கிறார். அது முதல் தகவல் அறிக்கையாகிறது. புலனாய்வு அதிகாரியிடம் மறுபடி சொல்கிறார். மருத்துவரிடம் சொல்கிறார்; அவர் ஒரு பதிவேட்டில் எழுதுகிறார். பிறகு நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலம் தருகிறார். கடைசியாக, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து நீதிமன்றக் கூண்டில் சொல்கிறார். ஐந்து இடங்களில் ஐந்து பேர், ஐந்து விதமாகக் கேட்டு, தங்கள் மொழியில் எழுதியவை இவை. எதிரியின் வழக்கறிஞர் இந்த ஐந்தையும் வரிசையாக வைத்துக்கொண்டு, ‘நடுவரிடம் இதைச் சொல்லவில்லையே’, ‘மருத்துவரிடம் ஒருவர் என்றீர்கள், இங்கே இருவர் என்கிறீர்கள்’ என்று முரண்பாடுகளைக் கோப்பார். குறுக்கு விசாரணையின் பெரும்பகுதி இதுதான். அதிர்ச்சிக்கு ஆளானவரின் நினைவு நேர்க்கோட்டில் இருக்காது. சில காட்சிகள் துல்லியமாக நிற்கும், நேரமும் வரிசையும் குழம்பும். சின்னஞ்சிறு முரண்பாடுகளைப் பெரிதாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியும், சந்தேகத்தின் பலன் எதிரிக்கே என்று பல வழக்குகள் இந்த இடத்தில் முடிந்துபோகின்றன.

ஆகவே சொல்லும் முறைகளைக் குறைப்பது, சொல்லும் சூழலைத் தாங்கக் கூடியதாக்குவது இரண்டும் சீர்திருத்தத்தின் உயிர்ப்பகுதி. 2004இல் ‘சாக்ஷி’ என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று எளிய வழிகளைச் சொன்னது. சாட்சி சொல்பவர் எதிரியைப் பார்க்காதபடி திரை போடலாம். சம்பவம் பற்றிய குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் தர வேண்டும். நீதிபதி அவற்றைச் சாட்சிக்குப் புரியும் மொழியில், கூச்சமளிக்காத சொற்களில் கேட்பார். தேவைப்படும்போது இடைவேளை தர வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் அவர்களுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கியது. அங்கே வழக்கறிஞர் குழந்தையிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான். காவலர் சீருடையில் வந்து வாக்குமூலம் வாங்கக் கூடாது. குழந்தையைத் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு வரவழைக்கக் கூடாது.

இதற்கென்றே தனி அறைகள் வேண்டும் அல்லவா? அவற்றுக்குப் பெயர் ‘பாதிப்புக்குள்ளாகக்கூடிய சாட்சிகளுக்கான மையம்’. தனி வாசல், தனிக் காத்திருப்பு அறை, நீதிமன்ற அறையோடு காணொலி இணைப்பு. எதிரியும் அவர் ஆட்களும் நிற்கும் அதே வராந்தாவில், அதே பெஞ்சில் இந்தப் பெண் காலை பத்து மணியிலிருந்து காத்திருக்க வேண்டியதில்லை. 2017இல் ஒவ்வொரு உயர் நீதிமன்ற எல்லையிலும் குறைந்தது இரண்டு மையங்களாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2022 ஜனவரியில் குழந்தைகளுக்கு மட்டும் என்றிருந்ததை விரிவாக்கி, இதை மேற்பார்வையிட நீதிபதி கீதா மித்தல் தலைமையில் குழுவும் அமைத்தது.

இங்கிலாந்து இன்னும் ஓர் அடி மேலே போயிருக்கிறது. வல்லுறவுப் புகார் தந்தவரின் குறுக்கு விசாரணையையே நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன் காணொலியாகப் பதிவு செய்து, பின்னர் தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியிடம் போட்டுக் காட்டலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்ட இந்த ஏற்பாடு 2022இல்தான் பெரிய குற்றங்களை விசாரிக்கும் அந்த நாட்டின் எல்லா கிரௌன் நீதிமன்றங்களுக்கும் வந்துசேர்ந்தது. நினைவு மங்கும் முன் சாட்சியம் முடிந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அந்த நாளை எதிர்பார்த்து வாழ்க்கையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. நமக்கு இது மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன், நம் வாய்தாக்களை நினைத்துப் பார்த்தால்.

மருத்துவப் பரிசோதனை பற்றியும் சுருக்கமாக. ‘இரு விரல் சோதனை’ என்ற பெயரில் பெண் உடலுறவுக்குப் பழக்கப்பட்டவரா என்று மருத்துவர் எழுதுவது வழக்கமாக இருந்தது. தேசாய்கஞ்ச் அமர்வு நீதிபதி கேட்ட அதே கேள்வி, இம்முறை மருத்துவச் சான்றிதழாக. 2013இல் உச்ச நீதிமன்றம் இது பெண்ணின் மாண்புக்கு எதிரானது என்றது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அப்படியும் நிற்கவில்லை. 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டில் இதைத் தடை செய்யச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், இனி இதைச் செய்யும் மருத்துவர் ஒழுங்கீனம் செய்தவராகக் கருதப்படுவார் என்றது. ஒரே தடையை எத்தனை முறைதான் போடுவது!

காலமும் பெயரும்

1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத் துறையினரும் காவலர்களும் வருவாய்த் துறையினரும் சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி மலையடிவாரப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். குற்றம் செய்தவர்கள் அலுவலகம் போனார்கள். பெண்கள் சேலம் சிறைக்குப் போனார்கள். வழக்கு சிபிஐக்கு மாற்றப்பட்டு, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, 269 எதிரிகளில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 17 பேர் வல்லுறவுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. முப்பத்தோரு ஆண்டுகள் அந்தப் பெண்கள் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

எல்லோராலும் அது முடியாது. தாமதம் நீளும்போது மிரட்டல் வரும், பணம் வரும், திருமணம் ஆகும், ஊரார் வந்து பேசுவார்கள். ஒரு நாள் கூண்டில் ஏறி, ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்பார்கள். பிறழ் சாட்சி என்று நீதிமன்றம் எழுதிக்கொள்ளும். விடுதலைத் தீர்ப்புகளைப் பார்த்துப் புகார்களே பொய் என்று சொல்கிறவர்கள் இந்த இடைப்பட்ட ஆண்டுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி வல்லுறவு வழக்குகளில் தண்டனை விகிதம் சமீப ஆண்டுகளில் பெரும்பாலும் நூற்றுக்கு முப்பதைத் தொடவில்லை. விடுதலை என்பது குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறது. பெண் பொய் சொன்னார் என்று சொல்வதில்லை.

குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு: சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 2024 டிசம்பரில் நடந்த குற்றத்துக்கு 2025 மே 28 அன்று மகளிர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பொள்ளாச்சி வழக்கு 2019 பிப்ரவரியில் தொடங்கி 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றத்தில் முடிந்தது. மூடிய அறையில் நடந்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் பிறழவில்லை. ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை.

ஆனால் இந்த இரண்டு வழக்குகளுமே தொடக்கத்தில் ஒரே இடத்தில் சறுக்கின. பொள்ளாச்சியில் புகார் தந்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரி செய்தியாளர்களிடம் சொன்னார்; அரசாணையிலும் அது வந்தது. சென்னை வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. இரண்டிலும் அரசு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை என்பது 1983இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. தன் பெயர் தெருவில் அடிபடுமோ என்ற அச்சத்தில் எத்தனை பேர் காவல் நிலையப் படியேறாமல் திரும்பிப் போகிறார்கள் என்பதை எந்தப் புள்ளிவிவரமும் பிடிக்காது.

எதிரியின் உரிமை

இதுவரை படித்தவர்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும்: பெண்ணின் சொல்லை மட்டும் வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாமா? நியாயமான கேள்வி. குற்றம் நிரூபிக்கப்படும்வரை எதிரி நிரபராதி என்ற விதி இந்த வழக்குகளிலும் மாறவில்லை, மாறவும் கூடாது. குறுக்கு விசாரணை அவருடைய உரிமை. ஒரே சாட்சியின் சொல்லில் தண்டிப்பதானால் அந்தச் சாட்சி குறையில்லாத தரத்தில் இருக்க வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வைத்திருக்கிறது. திரை போடுவதாலும், கேள்வி நீதிபதி வழியாக வருவதாலும் எதிரி எதையும் இழப்பதில்லை. அன்று அந்தப் பெண் எங்கே இருந்தார், விளக்கு எரிந்ததா, ஏன் தாமதமாகப் புகார் தந்தார் என்று கேட்கத் தடையில்லை. முந்தைய காதலன் யார் என்று கேட்கத்தான் தடை. உண்மையைக் கண்டுபிடிக்க உதவும் கேள்வியையும், சாட்சியை உடைப்பதற்காகவே கேட்கும் கேள்வியையும் பிரிக்கும் கோடு அது.

தண்டனையைக் கூட்டுவதுதான் சீர்திருத்தம் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. வர்மா குழு வல்லுறவுக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் 2013இல் சில வகைக் குற்றங்களுக்கும், 2018இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்கும் அது சேர்க்கப்பட்டது. குற்றவாளி அப்பாவோ மாமாவோ ஆக இருக்கும் வீட்டில், தூக்கு என்ற சொல் குழந்தையின் வாயைத்தான் முதலில் அடைக்கும். அந்தக் குழு கட்டாயம் செய்யச் சொன்ன இன்னொன்று இன்றுவரை செய்யப்படவில்லை: மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவன் உறவு கொள்வது வல்லுறவு ஆகாது என்ற விதிவிலக்கை நீக்குவது. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இதில் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

அந்தப் பெண் கேட்கலாம்

இவ்வளவு நேரம் அவரிடம் கேட்கப்படும் கேள்விகளைப் பற்றியே பேசிவிட்டேன். அவர் கேட்கக் கூடியவையும் உண்டு. அவற்றைத் தெரிந்து வைத்திருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காவது சொல்லலாம். சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் அருகிலுள்ள எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யச் சொல்லலாம். பதிவு செய்ய மறுக்கும் அலுவலருக்கே ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை என்று சட்டம் இருக்கிறது. பெண் அதிகாரி வாக்குமூலத்தை எழுத வேண்டும் என்று கேட்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்கலாம். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனடி சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும். முதலில் போலீஸ் கேஸ் ஆகட்டும் என்று திருப்பி அனுப்ப முடியாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச வழக்கறிஞரையும், தீர்ப்புக்குக் காத்திருக்காமல் இடைக்கால இழப்பீட்டையும் கேட்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். எதிரி ஜாமீன் கேட்கும்போது தன் தரப்பையும் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். தொண்ணூறு நாட்களுக்குள் புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று காவல்துறை அவருக்குச் சொல்லியாக வேண்டும். சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே அரசு வழக்கறிஞரைப் பார்த்துத் திரை வேண்டும் என்று மனுப் போடச் சொல்லலாம். கூண்டில் நிற்கும்போது கால் தளர்ந்தால், உட்கார ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொஞ்சம் இடைவேளையும் வேண்டும் என்று நீதிபதியிடமே நேராகக் கேட்கலாம்.